ஆடியோ எடிட் பண்ண உட்கார்ந்தா லேப்டாப்பே ஹேங் ஆகுது, யாராவது உதவுங்க

கொத்தமல்லி:
மக்களே, எங்க ஆச்சி பாடின தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் ஒண்ணரை மணி நேரத்துக்கு ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், பின்னாடி ஃபேன் சத்தம் வருதேன்னு ஒரு இலவச எடிட்டர்ல போட்டு சுத்தம் பண்ணிட்டிருக்கேன். ப்ளே பண்ணி பத்து நிமிஷம் கூட ஆகாது, லேப்டாப் மொத்தமா நின்னுடுது. மவுஸ் அசையாது, கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் வேலை செய்யாது, ஆச்சி ஆராரோன்னு பாடுற இடத்துல அந்த 'ர' மட்டும் மாட்டிக்கிட்டு ர்ர்ர்ர்ர்னு ஸ்பீக்கர் கத்துது. பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சாத்தான் அடங்கும். சவுண்ட் டிரைவர் மாத்தியாச்சு, ஆடியோ பஃபர் (சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற இடம்) 1024 வரைக்கும் ஏத்தியாச்சு, ரேம் 8ல இருந்து 16 ஆக்கினதுல காசு போனதுதான் மிச்சம். விண்டோஸ் 10, கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டு இருக்கு, ஒண்ணு உள்ளேயே உள்ளது ஒண்ணு தனி.

பழைய ரேடியோ:
தம்பி, சத்தம் வர்ற சாஃப்ட்வேர்ங்கிறதால எல்லாரும் சவுண்ட் பக்கமே தேடுவாங்க, நானும் ஒரு மாசம் அப்படித்தான் அலைஞ்சேன். ஒண்ணு பண்ணுங்க, ப்ளே போட்டுட்டு விண்டோவை மினிமைஸ் பண்ணிட்டு டீ குடிக்கப் போங்க. அப்பவும் நின்னா சொல்லுங்க. ஆமா, திரையில அலை மாதிரி தெரியுதா இல்ல கலர் கலரா தெரியுதா?

கொத்தமல்லி:
அண்ணே, மினிமைஸ் பண்ணி வச்சா முழு ஃபைலும் ஓடி முடிஞ்சுது!! கலர் கலராத்தான் தெரியுது, ஸ்பெக்ட்ரோகிராம், அதான் எந்த அலைவரிசையில எவ்வளவு சத்தம்னு கலர்ல காட்டுற படம். பெருசா வச்சா தெளிவா இருக்கும்னு அதோட விண்டோ சைஸ் (ஒரு தடவை கணக்குப் போட எடுக்கிற சாம்பிள் எண்ணிக்கை) 32768 வச்சிருக்கேன்.

பழைய ரேடியோ:
அப்ப சவுண்ட் இல்ல, படம் வரையிற இடத்துலதான் கோளாறு. ப்ளே ஆகும்போது கூடவே ஸ்க்ரோல் ஆகுதுல்ல, அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க, அது நகர நகர திரையைத் திரும்ப வரைஞ்சுக்கிட்டே இருக்கும். 32768ஐயும் 2048 ஆக்குங்க. செகண்டுக்கு 44100 சாம்பிள்ல ரெக்கார்ட் பண்ணியிருந்தா 32768ங்கிறது முக்கால் செகண்ட் சத்தம், அதுக்குள்ள ஆச்சி நாலு எழுத்து பாடிடுவாங்க, எல்லாம் ஒண்ணா குழைஞ்சுதான் தெரியும். ஃபேனோட ஹம் எந்த இடத்துல நிக்குதுன்னு பார்க்க மட்டும் பெரிய சைஸ் உதவும், பார்த்துட்டு திரும்பக் குறைச்சிடுங்க. அப்புறம் ப்ரிஃபரன்ஸ்ல டிஸ்ப்ளே பக்கம் ஓப்பன்ஜிஎல்லோ ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனோ (கிராஃபிக்ஸ் கார்டை வச்சு படம் வரையிற வசதி) இருக்கும், அந்த டிக்கை எடுங்க. எனக்கு என்னமோ அதுமேலதான் சந்தேகம்.

டிக்டிக்:
குறுக்க பேசுறேன். விண்டோஸ்ல நடக்குறதை எல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல, சிஸ்டம் லாக்ல 4101ங்கிற ஈவென்ட் நம்பர் இருக்கான்னு பாருங்க. கிராஃபிக்ஸ் கார்டு 2 செகண்ட் பதில் சொல்லலைன்னா விண்டோஸே டிஸ்ப்ளே டிரைவரை ரீசெட் பண்ணும், பண்ணி மீண்டு வந்தா அந்த நம்பர் விழும். மீளலைன்னா உங்க கதைதான்.

கொத்தமல்லி:
4101 மூணு தடவை இருக்கு. ஆனா இப்ப புதுப் பிரச்சனை, எடிட்டரைத் திறந்தாலே வெள்ளையா நிக்குது, ப்ரிஃபரன்ஸுக்கே போக முடியல 😭

பழைய ரேடியோ:
பதறாதீங்க. எடிட்டரை மூடிட்டு விண்டோஸ் கீயும் R கீயும் சேர்த்து அமுக்கி %appdata%ன்னு அடிங்க, திறக்கிற ரோமிங் ஃபோல்டர் உள்ள அந்த எடிட்டர் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். அழிக்காதீங்க, பேரை மட்டும் மாத்துங்க. திறந்தா புதுசா போட்ட மாதிரி வரும். ஆச்சி ஃபைலை அதுக்கு முன்னாடியே வேற இடத்துல காப்பி எடுத்து வச்சிடுங்க, இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.

டிக்டிக்:
அதோட விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் இந்த எடிட்டருக்கு மட்டும் பவர் சேவிங் குடுங்க, உள்ளே உள்ள கார்டுலயே ஓடும்.

கொத்தமல்லி:
ரெண்டு நாளா நிக்கல. கை சும்மா இருக்காம டிரைவரைப் புதுசாக்கிட்டு ஓப்பன்ஜிஎல்ல மட்டும் திரும்ப ஆன் பண்ணிப் பார்த்தேன், இருபது நிமிஷத்துல அதே ர்ர்ர்ர்ர். ஆஃப்லயே கிடக்கட்டும். தாலாட்டு முடிச்சாச்சு, இன்னும் ஒப்பாரிதான் பாக்கி.