மறு: ‘பயிற்சி நிறைவுப் படிவம்’ சரிப்படுமா?

> வகுப்பு முடிவில் வாங்கும் கருத்துப் படிவத்துக்கு ‘பயிற்சி நிறைவுப் படிவம்’ போதுமே. எளிமையாகவும் இருக்கிறது.

ஐயா, இந்தக் கருத்துப் படிவத்துக்குத் தமிழில் பெயர் தேடும்போது நீங்கள் சொல்வது எளிமைதான். ஆனால் ‘பயிற்சி நிறைவுச் சான்றிதழ்’, ‘நிறைவு விழா’ எல்லாம் நம் ஊரில் முடிந்துபோனதைச் சொல்பவை. போன மாதம் கிண்டியில் நடத்திய இரண்டு நாள் வகுப்பில் இந்தத் தலைப்பையே அச்சடித்துப் பார்த்தேன். ஒருவர் பெயர், தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். “முடிச்சிட்டேன்னு எழுதிக் குடுக்கணும், அவ்ளோதானே சார்?” கேள்விகள் பக்கம் அவர் கண்ணே போகவில்லை.

பெயரில் ‘திருப்தி’ போடலாம் என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். வடசொல் என்று தள்ள மாட்டேன், எல்லோர் வாயிலும் புழங்குவதுதான். ஆனால் அந்தத் தாள் அவ்வளவு பெரிய சொல்லைத் தாங்காது. மாலை நாலே முக்காலுக்கு, கத்திப்பாரா நெரிசலுக்குள் கிளம்பிவிடும் அவசரத்தில் பையை மாட்டிக்கொண்டே, ஐந்தாம் மதிப்பெண் கட்டங்களில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுக்கிறார்கள். ‘மேம்படுத்த வேண்டியவை’ என்ற இடத்தில் ‘ஏசி அதிகம்’. பாடத்தைப் பற்றி மூச்சில்லை. இதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்மைல் ஷீட்’ (சிரிப்புத் தாள்) என்று பட்டப்பெயர் வைத்தவன் புத்திசாலி.

பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகளில் இது முதற்படி, ‘ரியாக்‌ஷன்’. கற்றுக்கொண்டாரா, வேலையில் அதைச் செய்கிறாரா, நிறுவனத்துக்கு என்ன விளைந்தது என்பவை அதற்கு மேலே. ‘எதிர்வினை’ என்று பெயர்த்தால் வந்தவர் சண்டைக்கு வந்ததுபோல் ஒலிக்கிறது. ஆகவே ‘உவப்பு’ என்கிறேன். பிடித்ததா இல்லையா என்பதோடு நின்றுவிடும் சொல். கற்றாரா என்று உறுதி கூறாது. தாள் ‘உவப்புத் தாள்’, மதிப்பெண் ‘உவப்பளவு’.

> உவப்பா? அச்சில் ‘உப்பு’க்கு எழுத்துப்பிழை என்பார்கள். பேச்சில் இருக்கும் ‘பிடித்தம்’ என்ன குறை?

சிரித்துவிட்டேன். ஆனால் அலுவலகத்தில் ‘பிடித்தம்’ என்றால் சம்பளத்தில் கழிப்பது. ‘உங்கள் பிடித்தம் எவ்வளவு?’ என்று படிவம் கேட்டால் பி.எஃப். தொகையை எழுதித் தருவார்கள்.

வியாழக்கிழமை அடுத்த வகுப்பு. மேலே பெரிதாக ‘வகுப்பு எப்படி இருந்தது?’, மூலையில் சின்னதாக ‘உவப்புத் தாள்’ என்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து போடும் இடத்தை எடுத்துவிட்டேன்.