பெரிய வெள்ளி ஆராதனை: மெஸ்ஸோ சோப்ரானோ குரலுக்கு ஏற்ற தனிப்பாடல் எது?

ஆல்டோ வரிசை (கேள்வி):
எங்கள் சபைப் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை) பாடிவரும், மெஸ்ஸோ சோப்ரானோ (நடுத்தரப் பெண் குரல்) கொண்ட எனக்கு, வரும் பெரிய வெள்ளியன்று தனிப்பாடல் பாடும் பொறுப்பு கிடைத்திருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் 'பியே யேசு' (இரக்கமுள்ள இயேசுவே) என்ற பாட்டைப் பழகிப் பார்த்தேன். மேல் சுரங்களை எட்ட முடிகிறது. ஆனால் அங்கேயே நீண்டு நிற்க வேண்டியிருப்பதால், பாதிப் பாட்டுக்குள் தொண்டை இறுகிவிடுகிறது. துணைக்கு ஆர்கன் மட்டுமே உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஆர்கன் வாசிப்பவர்:
சகோதரி, அது சோப்ரானோவுக்காக, அதாவது பெண்களின் உயர்ந்த குரலுக்காக, எழுதப்பட்ட பாட்டு. எந்த உச்ச சுரம் வரை போகிறது என்பதைவிட, பாட்டு பெரும்பாலும் எந்த இடத்தில் உலவுகிறது என்பதையே முதலில் பாருங்கள். என் தேர்வு, ஹேண்டலின் 'மெசையா' என்ற பெரிய இசைப் படைப்பில் வரும் 'ஹி வாஸ் டிஸ்பைஸ்ட்'. ஏறக்குறைய ஒரே ஸ்தாயிக்குள் அடங்கும் அந்தப் பாட்டை, 1742இல் டப்ளின் அரங்கேற்றத்தில் பாடியவர் சூசன்னா சிப்பர் என்ற நடிகை. அவருக்குப் பெரிய குரல் கிடையாது, சொல்லை உணர்ந்து சொல்வதே அவருடைய பலம். 'அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்' என்று ஏசாயா 53இல் நாம் வாசிக்கும் வசனம்தான் அது. ஒரு சொல்லைப் பாடிக் குரல் நின்றுவிட, அந்த மௌனத்தில் வாத்தியம் விம்முவதுபோல் பதில் சொல்லும். அந்த இடைவெளிகளை அவசரப்பட்டு நிரப்பிவிடாதீர்கள்.

பாக் ரசிகர்:
பாக் இயற்றிய 'மத்தேயு பாடுகளில்' பேதுரு மறுதலித்து அழுத பின் வரும் 'எர்பார்மெ டிஹ்' (இரக்கமாயிரும்) பாட்டை நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன். ஆயினும் அதில் வயலின் குரலுக்கு இணையாக அழுகிறது; ஆர்கன் மட்டும் வைத்துப் பாடினால் பாதி உயிர் போய்விடும் என்பதால், உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 'பியே யேசு' என்ற வரிகள்தான் உங்களைத் தொட்டன என்றால், பிரெஞ்சு இசையமைப்பாளர் டியூருஃப்ளே 1947இல் முடித்த ரெக்வியத்தில் (இறந்தோருக்கான ஆராதனை இசையில்) அதே வரிகள் மெஸ்ஸோ குரலுக்கே அமைந்துள்ளன. செல்லோ வாசிப்பவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. மெண்டல்சனின் 'எலியா'விலுள்ள 'ஓ ரெஸ்ட் இன் த லார்ட்' எளிதானது, குரலுக்கும் இதமானது. ஆனால் அதன் ஆறுதல் வேறொரு ஞாயிறுக்குப் பொருந்தும்.

ஆல்டோ வரிசை:
இருவருக்கும் நன்றி. ஹேண்டலையே எடுத்துக்கொள்கிறேன். முழுதும் பாடினால் பத்து நிமிடம் ஆகும் போலிருக்கிறதே, நடுப்பகுதியை விட்டுவிடலாமா?

ஆர்கன் வாசிப்பவர்:
விடாதீர்கள். 'அடிக்கிறவர்களுக்கு முதுகைக் கொடுத்தார்' என்ற அந்தப் பகுதியில் சாட்டை விழுவதுபோன்ற தாளம் இடைவிடாமல் கேட்கும். அதைக் கடந்து வந்த பிறகுதான் முதல் வரி திரும்ப வரும்போது அதன் முழுக் கனமும் தெரியும். நேரம் போதாவிட்டால், திரும்ப வரும் பகுதியின் முன்னிசையை விட்டுவிட்டுக் குரலிலேயே தொடங்குங்கள்.