நாலு தடவை படிச்சும் மறுநாள் மறந்துடுது, ஏன்?

கேள்வி: ஒரு சாப்டரை நாலு தடவை படிக்கிறேன், படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கு, ஆனா மறுநாள் யாராவது கேட்டா ஒண்ணுமே வரல. எனக்கு ஞாபகசக்தியே கம்மியா?

பதில் 1: இல்லைங்க. திரும்பத் திரும்பப் படிச்சா பக்கம் கண்ணுக்குப் பழகிடும், அதைத்தான் தெரியும்னு நெனச்சுக்குறோம். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கிங்கிற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பண்ணின ஆய்வுல 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்போ மறுபடி படிச்சவங்கதான் முன்னாடி, ஆனா ஒரு வாரம் கழிச்சு, பார்க்காம ஞாபகப்படுத்தி எழுதினவங்க முந்திட்டாங்க. ரத்த ஓட்டம் படிச்சீங்கன்னா புக்கை மூடிட்டு இதயத்தோட 4 அறையையும் வரைஞ்சு ரத்தம் போற வழிக்கு அம்புக்குறி போடுங்க, கை எங்க நிக்குதோ அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்க.

பதில் 2: இடைவெளி விட்டுப் படிங்க, ப்ளீஸ். எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி தன்னையே சோதிச்சு, 1885லயே முடிவை வெளியிட்டாரு, முதல் ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல போயிடுச்சு, அப்புறம் மறதி மெதுவாயிடுச்சு. அதனால நாலு தடவையையும் ஒரே ராத்திரில முடிக்காதீங்க, நாலு நாளாப் பிரிங்க.

கேள்வி கேட்டவர்: அப்போ ராத்திரி முழிச்சுப் படிக்கிறது?

பதில் 1: வேணாங்க. படிச்சது மூளைல நிலைக்கிறதுக்குத் தூக்கம் ரொம்ப முக்கியம்.