கார்ல்டன் டேவர்ன்: 2015க்கு முந்தைய படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். லண்டனில் கில்பர்ன், மைடா வேல் பக்கம் நெடுநாளாக இருப்பவர்களிடம் ஓர் உதவி. கார்ல்டன் டேவர்ன் பப்பின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் உலகப் போர்க் குண்டுவீச்சில் அழிந்த பழைய பப் இருந்த இடத்தில், 1920-21இல் சாரிங்டன் மதுபான நிறுவனத்துக்காகக் கட்டியது இது. இரண்டாம் போரில் விழுந்த குண்டுகளுக்கும் தப்பி நின்ற கட்டடம். அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கவிருந்த நேரத்தில், 2015 ஏப்ரலில், உரிமையாளர்கள் அனுமதியே வாங்காமல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! அக்கம்பக்கத்தார் விடவில்லை. இருந்தபடியே திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவு போட்டது. நல்லவேளை, இடிப்பதற்கு முன்பே ஓடுகளுக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்து, படங்களும் எடுத்து வைத்திருந்தார்கள். இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய செங்கற்களும் சுவரேறின. 2021 ஏப்ரலில் கதவு திறந்தது.

கட்டடத்தைப் பற்றி ஆவணம் நிறைய உண்டு. உள்ளே உட்கார்ந்த மனிதர்களைப் பற்றித்தான் குறைவு. பழைய பப்பில் எடுத்த பிறந்தநாள் படம், அங்கே வேலை பார்த்த அனுபவம், எதுவானாலும் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்காமல் யார் முகத்தையும் பெயரையும் வெளியிட மாட்டேன். அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர்களிடமும் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.