தண்ணீரில் மோதும் மெல்லிய தகடு: ஸ்ட்ரெய்ன் கேஜ் அளவு குறைவது ஏன்?

நண்பர்களே, படகின் அடிப்பகுதி போன்ற V வடிவ மாதிரியைத் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறோம். தகடு எவ்வளவு நீள்கிறது (ஸ்ட்ரெய்ன்) என்பதை அதில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற உணரி அளக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 300 மி.மீ. அகலம், 2 மி.மீ. அலுமினியத் தகடு, கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி சாய்வு. 0.5 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் மோதும் வேகம் நொடிக்கு சுமார் 3.1 மீட்டர்.

நீரில் மோதும் பொருளின் மீதான அழுத்தத்தைத் தரும் வாக்னர் சூத்திரப்படி உச்ச அழுத்தம் ஏறக்குறைய 390 கிலோபாஸ்கல். தகடு முழுக்க நனைய 11 மில்லிநொடி போதும். தகட்டின் அதிர்வெண் காற்றில் 120 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. கூடவே அசையும் நீரின் நிறையால் தண்ணீரில் அது கால்வாசிக்கு இறங்கிவிடும். அதாவது தகடு ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் நனைதலே முடிந்துவிடுகிறது. அதனால் அழுத்தத்தை நிலையான சுமையாக வைத்துப் போடும் கணக்கு இங்கே செல்லாது என்பது தெரியும்.

சிக்கல் இதுதான்: இருவழி இணைப்புள்ள சிமுலேஷன் (நீர் தகட்டை வளைப்பதையும், வளைந்த தகடு நீரோட்டத்தை மாற்றுவதையும் சேர்த்துப் போடும் கணினிக் கணக்கு) தருவதைவிடவும் நடுப்பகுதி ஸ்ட்ரெய்ன் குறைவாக வருகிறது. எங்கள் சந்தேகம் விளிம்பின் மேல்தான். சிமுலேஷனில் விளிம்பு இம்மியும் நகராது. நிஜத்தில் போல்ட் துளையில் தகடு கொஞ்சம் உள்ளே இழுபட்டாலே இழுவிசை மாறி, வளைவும் இழுவையும் சேர்ந்த அளவே மாறிவிடும். தகட்டின் இரு முகத்திலும் கேஜ் ஒட்டினால் இவ்விரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் நனையும் பக்கத்து கேஜை மூடும் சிலிகோன் பூச்சு, நீர் ஓடும் முகத்தில் மேடாகிவிடுகிறது.

பூச்சைத் தகட்டோடு சமமாக முடிக்க என்ன செய்கிறீர்கள்? விளிம்பு வழுக்காமல் இருக்க எபாக்சி பசையோடு போல்ட் போட்டவர்கள் உண்டா? போல்ட் இடைவெளி, போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை (டார்க்) அளவோடு சொன்னால் பேருதவி.