மலைப் பாட்டு கேட்க வருகிறவர்களை எங்கே அனுப்புவது?

கோத்தகிரிவாசி:
ஈரோட்டு நண்பர் ஒருவர் குடும்பத்தோடு இரண்டு நாள் வருகிறார். கூட்டமில்லாத இடத்தில் நடக்க வேண்டும், மலை மக்களின் பாட்டும் கேட்க வேண்டும் என்றார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

உதகை ஏரியும் தொட்டபெட்டாவும் எல்லோருக்கும் தெரியும். நான் அனுப்புவது கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு. 116 ஹெக்டேர்தான், ஆனால் ஊரை ஒட்டி இப்படி ஒரு சோலைக்காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். 2024-இல் ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சரிலும் சேர்ந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். பேசாமல் நின்றால் சீகாரப் பூங்குருவியின் பாட்டு கேட்கும். பள்ளிக்கூடம் போகிற பையன் தன்போக்கில் சீட்டியடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும். நாற்பது வருடமாகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அப்புறம் மனிதர்களின் பாட்டு. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வந்தால் இந்த மலைப் பழங்குடிகளான கோத்தர்களின் அய்யனோர் அம்மனோர் திருவிழா, பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா. கோத்தர்கள் கொள் என்கிற ஊதுகுழலை ஊதி, தப்பட்டை அடித்து, வட்டமாக ஆடுவதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

கோக்கால்_பேரன்:
அண்ணே, சோலையைப் பற்றி எழுதியது நன்று. ஆனால் எங்கள் கோத்தர் திருவிழாவைச் சுற்றுலாப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2025 கோடையில் வார இறுதியில் நாளைக்கு 8,000 வண்டி, மற்ற நாளில் 6,000 என்று, மலைக்கு வரும் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸுக்கு நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்த எட்டாயிரத்தில் நூற்றுக்கு ஒன்று எங்கள் ஊரான கோக்காலுக்குத் திரும்பினால் எண்பது வண்டி. எங்கே நிறுத்துவது? அது கோயில் முற்றம், மேடை இல்லை. ஒருமுறை யாரோ ட்ரோன் பறக்கவிட்டு, பெரியவர்கள் சடங்கை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன்.

கோத்தகிரிவாசி:
ட்ரோன் விட்டது தப்பு தம்பி, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் வாத்தியம் முன்பு தோடர் சாவுக்கும் படுகர் சாவுக்கும் போகவில்லையா? மலை முழுக்கக் கேட்ட இசை அது. இன்று வெளியே யாரும் கேட்பதில்லை. கேட்க ஆளில்லாத வாத்தியத்தை எந்தப் பையன் கற்றுக்கொள்வான்? இந்தக் கவலையில்தான் எழுதினேன்.

கோக்கால்_பேரன்:
போனார்கள், உண்மைதான். பதிலுக்கு நெய்யும் தானியமும் வந்தன, அதுவும் உண்மை. ஆனால் அந்த வாத்தியத்தைக் காட்டியே எங்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள். அதனால்தான் எங்கள் பெரியவர்கள் போவதை நிறுத்தினார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: எங்களுக்குத் தெய்வத்துக்கு ஒரு மெட்டு, சாவுக்கு ஒரு மெட்டு, ஆட்டத்துக்கு ஒரு மெட்டு. ஆட்ட மெட்டை எங்கே வேண்டுமானாலும் ஊதலாம். தெய்வ மெட்டைக் கேட்பவருக்காக ஊத முடியாது. கேட்க ஆளில்லை என்கிறீர்கள். சாமி கேட்கிறதே, அண்ணே.

பேரகணி_மருமகள்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஹெத்தையம்மன் விழாவுக்கு மலை முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், நான்கு பேர் கூடுதலாக வந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடுதான். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க விழாவைவிடக் கல்யாண வீடு நல்லது. தெரிந்தவர் யாராவது அழைத்தால் போங்கள். ஓரமாக நின்று பார்க்கவே விடமாட்டார்கள், கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். எனக்கு முதல் வருடம் அடி பிடிபடவே இல்லை. என் மாமியார்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

ஈரோட்டுக்காரன்:
அந்த நண்பர் நான்தான். எங்களால் சங்கடம் வேண்டாம். பையனுக்கு வாத்தியம் என்றால் உயிர், தவில் கற்கிறான். அவனுக்குக் கொள் எப்படி இருக்கும் என்று காட்ட வேறு வழி உண்டா?

கோக்கால்_பேரன்:
உண்டு. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உதகையிலிருந்து பத்து கிலோமீட்டர். அங்கே அருங்காட்சியகம் பாருங்கள். மே மாதக் கோடை விழாவில் பழங்குடியினர் ஆட்டம் மேடையேறும், எங்கள் ஆட்கள் வந்தால் ஆட்ட மெட்டுதான் ஊதுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்ததும் பையனை ஊதுபவரிடம் அழைத்துப் போங்கள். கொள் குழலைக் கையில் கொடுத்தே காட்டுவார்கள். தவில் கற்கிற பையன் என்றால் விடவே மாட்டார்கள்.

கோத்தகிரிவாசி:
சரி தம்பி. உங்கள் திருவிழா வரியை எடுத்துவிடுகிறேன். ஆனால் வாத்தியம் வெளியே கேட்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, ஊரும் அரசும் சேர்ந்து வருடம் முழுக்க ஆட்ட மெட்டுக்கு ஒரு மேடை போட வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன், நீங்களும் வந்து சொல்லுங்கள். ஈரோட்டுக்காரரே, மே மாதம் என்றால் இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் கொண்டுவர வேண்டாம், இங்கே தடை. சோலைக்குள் அட்டை இருக்கும், பையனுக்கு முழுக்கால் சட்டை போடுங்கள்.