ஆட்டுப்பால், தேங்காய்ப்பால், தாய்ப்பால்: சோப்பில் ஊற்றிப் பார்த்த அனுபவம்

கோவில்பட்டி பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டில் அத்தை கன்னி என்கிற இனத்து ஆடு நாலு வளர்க்கிறார். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட பால்கன்னி மூன்று, சிவப்புக் கோடு போட்ட செங்கன்னி ஒன்று. கறிக்கு வளர்க்கிற இனம் என்பதால் குட்டி குடித்தது போக ஒரு டம்ளர் பால் மிஞ்சினாலே பெரிது. அந்த ஒரு டம்ளரை டீக்குப் போடாமல் சோப்புக்கு எடுத்து வைக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது.

முதல் தடவை நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தண்ணீர் ஊற்றிச் செய்வது மாதிரியேதான் பாலுக்கும் என்று நினைத்துவிட்டேன். எவர்சில்வர் பாத்திரத்தில் 300 கிராம் பால். அதில், எண்ணெயைச் சோப்பாக்குகிற காரமான காஸ்டிக் சோடா 150 கிராமைக் கடகடவென்று கொட்டிக் கலக்கினேன். பால் மஞ்சளானது, ஆரஞ்சானது, நான் கரண்டியை எடுப்பதற்குள் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. கூடவே மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடை. கொல்லையில் இருந்த அத்தை ஓடி வந்து, "என்னத்த தாயி கருக்கிட்ட?" என்றார்.

கருகியது பாலில் இருக்கிற சர்க்கரை. காஸ்டிக் சோடா கரையும்போது அடுப்பே இல்லாமல் 80, 90 டிகிரி வரை சூடு ஏறும். தண்ணீர் அதைத் தாங்கும், பால் தாங்காது.

அதற்கப்புறம் பாலை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைக்கிறேன். தினம் கிடைக்கிற கொஞ்சம் கொஞ்சத்தைச் சேர்க்கவும் அதுதான் வசதி. எடை போட்டு, கட்டியாகவே பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிறைந்த அகலத் தொட்டியில் உட்கார வைத்துவிடுவேன். காஸ்டிக் சோடாவை ஒவ்வொரு ஸ்பூனாகத் தூவி, அது கரைந்த பிறகே அடுத்த ஸ்பூன். அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் நிறம் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பாலில் உள்ள கொழுப்பு அங்கேயே சோப்பாக மாறத் தொடங்குவதால் கரைசல் தயிர் மாதிரி திரிதிரியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஆனால் கரையாத காஸ்டிக் மணி ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாது என்பதால் எவர்சில்வர் வடிகட்டியில் வடித்துத்தான் எண்ணெயில் சேர்ப்பேன். அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி எதையும் பக்கத்திலேயே வைக்காதீர்கள். காஸ்டிக் சோடா அதை அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் நான் மூடியைத் திறப்பதே இல்லை.

என் கணக்கு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், செக்குக் கடலை எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. இதற்கு 150 கிராம் காஸ்டிக் சோடா போட்டால் ஏறத்தாழ 5 சதவீதம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி, தோலுக்கு இதமாக இருக்கும். எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும், அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஆடு பால் வற்றிய மாதங்களில் ஆவின் பாக்கெட் வாங்கினேன். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஆரஞ்சு பாக்கெட் 300 கிராம் ஊற்றினால் 18 கிராம் கொழுப்பு கூடுதலாக உள்ளே போகிறது. அந்தச் சோப்பு கொஞ்சம் மெத்தென்று இருந்தது, நுரை வெண்ணெய் மாதிரி வழுவழு. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது, எனக்கு ஆட்டுப்பால்தான்.

இன்னொரு தவறும் செய்தேன். மே மாதம், அச்சில் ஊற்றிய பால் சோப்பைப் பழக்கதோஷத்தில் துண்டு போட்டு மூடி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நடுவில் வெடித்துப் பொங்கி வழிந்திருந்தது. பாலில் உள்ள சர்க்கரை சூட்டை ஏற்றிவிடுகிறது. இப்போது அச்சை நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "வெளுப்பாகுமா?" ஆகாது. தயிரும் மோரும் சேர்த்தால் அதிலுள்ள லாக்டிக் அமிலம் தோலைப் பளபளப்பாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். காஸ்டிக் சோடாவோடு சேர்ந்த நிமிடமே அந்த அமிலம் உப்பாகிவிடும். அந்த உப்பு சோப்பைக் கெட்டியாக்கும், நல்லதுதான், ஆனால் வேறு வேலை செய்யாது. பால் தருவது வழுவழுப்பும் நுரையும். எனக்கு அதுவே போதும். கறுப்பாக இருக்கிற பிள்ளைகளிடம் இதைக் காட்டிப் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

*

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, நான் தேங்காய்ப்பால். வீட்டிலேயே மரம் இருக்கு, தேங்காய்க்குப் பஞ்சம் இல்லை. ஆசையில் கெட்டியான ஒண்ணாம் பால் 300 கிராமையும் அப்படியே ஊற்றினேன். பத்து நாள் ஆகியும் அச்சை விட்டு வரவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நீங்கள் ஆரஞ்சு பாக்கெட்டுக்குச் சொன்ன கணக்கைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஒண்ணாம் பாலில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று வைத்தாலும் 60 கிராம் எண்ணெயை எனக்கே தெரியாமல் சேர்த்திருக்கிறேன்.

இப்போது காஸ்டிக் சோடாவை ரெண்டாம் பாலில் கரைக்கிறேன், அதையும் உறைய வைத்துத்தான். எண்ணெயும் கரைசலும் சேர்ந்து தோசை மாவுப் பதம் வரும்போது ஒண்ணாம் பால் இரண்டு கரண்டி. மாட்டுப்பால் அளவுக்கு நிறம் மாறுவதில்லை, லேசான சந்தன நிறம். தேங்காய் வாசனை மட்டும் நிற்கவே மாட்டேங்குது, அதில்தான் எனக்கு வருத்தம்.

*

திருச்சியிலிருந்து:

என் மகள் பால்குடி மறந்தபோது ஃப்ரீசரில் ஒரே ஒரு பை மிஞ்சியிருந்தது, 60 மில்லி. குடிக்கக் கொடுக்கிற காலக்கெடு தாண்டிவிட்டது. ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து எடுத்த பால், கீழே ஊற்ற முடியவில்லை.

அவ்வளவு கொஞ்சம் பாலில் காஸ்டிக் சோடாவை நேரடியாகக் கரைக்கப் பயமாக இருந்தது. அதனால் 60 கிராம் காஸ்டிக் சோடாவை 60 கிராம் தண்ணீரில் முழுதாகக் கரைத்து ஆற வைத்தேன். பாலைத் தனியாக எண்ணெயில் கலந்தேன். எண்ணெய் 400 கிராம், அக்கா சொன்ன அதே விகிதம். பால் கருகவே இல்லை. நாலு கட்டி வந்தது, வெளிர் மஞ்சள். ஆறு வாரம் காய வைத்தேன். குழந்தைக்கு நான் போடவில்லை, அவளுக்குப் பச்சைப்பயறு மாவுதான். நானும் அம்மாவும் போட்டுக் குளித்தோம். கடைசிக் கட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அவள் பெயர் எழுதின தாளில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கழுதைப்பால்காரர் வருவார். ஒரு சங்கு பாலுக்கே சொல்லும் விலை அதிகம். அதில் யாராவது செய்திருக்கிறீர்களா?

*

கோவில்பட்டி பக்கத்திலிருந்து:

திருச்சித் தங்கச்சி, நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் கட்டியப் பிரிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார்.

கழுதைப்பாலில் ஒரு தடவை செய்தேன். கொழுப்பு மிகக் குறைவு, தண்ணீர் மாதிரி ஓடும். சர்க்கரை மாட்டுப்பாலைவிட அதிகம், அதனால் இன்னும் சீக்கிரம் கருகும். நீங்கள் செய்த தண்ணீர் முறைதான் அதற்குச் சரி, 30 மில்லி கிடைத்தாலும் செய்யலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நீல பாக்கெட் சோப்புக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விலை ஏறியதற்குக் காரணம் கழுதையே இல்லாமல் போனதுதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3.2 லட்சம் இருந்தது, 2019-ல் 1.2 லட்சம். இருக்கிற அந்தப் பாலைக் கழுதைக்குட்டி குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாகர்கோவில் தங்கச்சி, வாசனைக்கு நானும் ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். செங்கன்னி இந்த மாதக் கடைசியில் குட்டி போடும். ஐஸ் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று.